முதல் வாரத்தில் யார் சொல்லித் தருகிறார்கள்?

ஒரு ஐ.டி. நிறுவனத்தின் சர்வீஸ் டெஸ்க்கில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். புதிதாகச் சேருகிறவருக்கு மெயில் ஐடி திறப்பது, லேப்டாப்பில் விபிஎன் போட்டுக் கொடுப்பது, டீம்ஸ் குழுக்களில் சேர்ப்பது, அவருடைய மேனேஜர் எந்தெந்த ஃபோல்டருக்கு அனுமதி கேட்டு டிக்கெட் போடுகிறாரோ அதைத் திறந்துவிடுவது, இதுதான் என் வேலை. 'அக்சஸ் கொடுப்பது' என்று ஒரே சொல்லில் சொல்வார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும் தோழர்களே. சிலர் வேலைக்குச் சேரும் முன்பே அவர்கள் பெயரில் டிக்கெட் வந்துவிடும். முதல் நாள் காலை பத்து மணிக்கு எல்லாமே திறந்திருக்கும். வேறு சிலர் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் வெறும் மெயிலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. ஆனால் முன்கூட்டியே டிக்கெட் வந்தவர்களில் பலர் அந்த டீமில் ஏற்கெனவே இருந்த யாருக்கோ சொந்தம், ஊர்க்காரர், அல்லது கல்லூரி ஜூனியர். காத்திருந்தவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி.

நிறுவனங்கள் புதியவர்களுக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ 'இன்டக்‌ஷன்' நடத்துகின்றன. ஒரு பெரிய அறை, ஒரு புரொஜெக்டர், வேகமான ஆங்கிலம். லீவு எங்கே போடுவது, டைம்ஷீட் எங்கே நிரப்புவது என்று காட்டுவார்கள். இது எல்லோருக்கும் ஒன்றுதான். உண்மையான பயிற்சி அதற்குப் பிறகு டீக்கடையில், கேப்பில், மதியச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. ஜிராவில் ஒரு வேலையை முடித்ததாகப் போடும் முன் யாரிடம் வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டும், எந்த சேனலில் கேள்வி கேட்டால் பதில் வரும், எந்த மேனேஜருக்கு மெயிலை விட சாட் பிடிக்கும் என்பதையெல்லாம் எந்த ஸ்லைடிலும் எழுதிவைப்பதில்லை. பழகியவர் பழகியவருக்குச் சொல்வது. யார் யாரோடு பழகுகிறார்கள், யார் டிபன் பாக்ஸை யார் பக்கத்தில் திறக்கிறார்கள் என்பதை நம் நாட்டில் எது தீர்மானிக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக் கிடைத்ததும் கிடைக்காததும் ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டுப் படிவத்தில் 'திறமை' என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் 'ப்ரோஆக்டிவ்', இவர் 'ஸ்லோ'.

எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம், பரனூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அப்பா கொத்தனார் வேலை. ஐந்து வாரமாக அவளுக்கு ப்ராஜெக்ட் போர்டு திறக்கவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஸ்கிரீனைப் பார்த்துத்தான் வேலை கற்றுக்கொண்டாள். கடைசியில் மேனேஜர் சொன்னது: "நீ கேட்கவே இல்லையே." கேட்டால்தான் கிடைக்கும் என்றுகூட யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. தனக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். இரண்டு நாளில் எல்லாம் திறந்தது. ஆனாலும் 'எதிர்பார்த்த வேகம் இல்லை' என்று புரொபேஷனை மூன்று மாதம் நீட்டித்துவிட்டார்கள். அந்த ஐந்து வாரத்தை யார் கணக்கில் எழுதுவது?

சேரும்போது நிரப்பும் படிவத்தையும் பாருங்கள். 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதனால் இன்று நம்மிடம் இருப்பது ஓர் இனிஷியல்தான். அந்தக் கட்டத்தில் சிலர் 'எஸ்' என்று ஒற்றை எழுத்தைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள். பிறகு வேறு மாநிலத்து டீம் லீடர், "உன் முழுப் பெயர் என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நம்மூர்க்காரர் என்றால் கேள்வி வேறு மாதிரி வரும்: "கூடுவாஞ்சேரியில் எந்தப் பக்கம்?"

பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடும். ஆதார், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் போர்ட்டலில் ஏற்றச் சொல்கிறார்கள். தெருப் பெயரில் 'காலனி' என்று இருக்கும். அரசு ஆவணங்களில் இருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். பழைய ஆவணங்கள் இன்னும் நம் பைகளில் இருக்கின்றன. முகவரி சரிபார்க்க வீட்டுக்கே ஆள் வருவதும் உண்டு.

இது நம்மூரோடு நிற்கிற கதை இல்லை. வெபெக்ஸ் என்ற அலுவலகக் கருவியை விற்கும் சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை அவருடைய மேலாளர் டீமில் மற்றவர்களுக்குச் சொன்னார், புகார் கொடுத்த பிறகு அவர் ஒதுக்கப்பட்டார், சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்று நிறுவனத்தின் உள்விசாரணை முடித்துவிட்டது என்பவை மனுவில் இருந்த குற்றச்சாட்டுகள். நிறுவனம் மறுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. முடிவு என்னவாக இருந்தாலும், சாதியும் ஒரு பணியிடப் பிரச்சினைதான் என்று சிலிக்கான் பள்ளத்தாக்கில் உரக்கப் பேசவைத்தது அந்த வழக்கு.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தபோது, கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அதிகாரியின் மேசை மீது பியூன்கள் கோப்பைத் தூர நின்று எறிந்தார்கள். இன்று கோப்பை யாரும் எறிவதில்லை, லிங்க் அனுப்புகிறார்கள். அதை அழுத்தினால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வருகிறது. அனுமதி தராதவர் எல்லோரும் சாதி பார்த்துத்தான் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு மறதி, மீதிப் பேருக்கு அலட்சியம். ஆனால் அந்த மறதி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள் மேல் விழுகிறது என்றால் அதைக் கேள்வி கேட்டாக வேண்டும்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் இவற்றில் எல்லோருக்கும் தடையில்லை என்பதை எழுத்தில் கொண்டுவந்தார். 'எங்களை நன்றாக நடத்துங்கள்' என்ற வேண்டுகோளோடு அவர் நின்றுவிடவில்லை. எந்தெந்த இடம் என்று பட்டியலிட்டார்.

நாமும் பட்டியலிட்டுக் கேட்போம். இந்த வேலைக்கு இந்தந்தக் கருவிகள் என்று எழுதிவைத்து, சேரும் நாளிலேயே திறந்துவிட வேண்டும். சொல்லித்தரும் 'படி'யை மேனேஜரின் விருப்பத்துக்கு விடாமல் முறைப்படி நியமிக்க வேண்டும். பயிற்சியைப் பதிவுசெய்து, திரும்பப் பார்க்கும்படி வைக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். தனியார் நிறுவனத்தில் சாதிக்கு அப்படி ஒரு குழு கட்டாயம் இல்லை. அதையும் கேட்போம்.

அதுவரை நம்மால் முடிந்ததைச் செய்வோம். ஞாயிறு மாலைகளில் நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் ஒரு தோழர் வீட்டு மாடியில் நாங்கள் வகுப்பு நடத்துகிறோம். அவுட்லுக், டீம்ஸ், ஜிரா, டைம்ஷீட், எல்லாம் தமிழில். வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அங்கே சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். முதல் நாளே டீமில் மற்றவர்களிடம் இருக்கும் கருவிகள் என்னென்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாததை மெயிலில் கேளுங்கள், வாயால் கேட்டதையும் மெயிலில் ஒரு வரி போட்டுவையுங்கள். சாதியைச் சொல்லி யாராவது இழிவாகப் பேசினால் தேதி, நேரம், உடன் இருந்தவர்கள் யார் என்பதை உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். மற்றவர் முன்னிலையில் அப்படி இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியார் அலுவலகத்துக்கும் பொருந்தும். அலுவலகக் கோப்புகளை மட்டும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்குவார்கள்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டீமில் திங்கட்கிழமை ஒரு புதிய பிள்ளை வந்து உட்கார்ந்தால், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். "எல்லாம் திறந்துவிட்டதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டிக்கெட்டைப் போட்டுக் கொடுங்கள்.

ஜெய் பீம்.