வேம்பநாட்டு ஏரிக்கரைத் திருத்தலங்கள்

கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களைத் தழுவிக் கிடக்கிறது வேம்பநாட்டு ஏரி. படகு வீடுகளில் உல்லாசமாகப் பொழுது போக்க வருவோரே இங்கு அதிகம். ஆயினும் இக்கரையில் வாழும் மக்களுக்கு ஏரி என்பது அன்றாடம் கடக்க வேண்டிய பாதை. அவர்களுக்காக மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இயக்கும் படகுகளில், சில ரூபாய்க் கட்டணத்தில், தலயாத்திரை செல்லும் அன்பர்களும் பயணிக்கலாம்.

சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் ஆலப்புழையில் இறங்கலாம். அங்கிருந்து தெற்கே சுமார் 14 கி.மீ. தொலைவில் அம்பலப்புழை. பேருந்துகள் அடிக்கடி உண்டு. பால்பாயச நைவேத்தியத்தால் புகழ்பெற்ற ஸ்ரீகிருஷ்ணனைச் சேவித்த பின் ஆலப்புழை திரும்பி இரவு தங்குவது நலம்.

மறுநாள் விடியற்காலையில் சேர்த்தலைக்குப் பேருந்து. அங்கிருந்து மற்றொரு பேருந்தில் தவணக்கடவு. எதிர்க்கரையில் வைக்கம். இடையே உள்ள நீர்ப்பரப்பை சுமார் 15 நிமிடங்களில் படகு கடந்துவிடும். இந்தியாவின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகான ‘ஆதித்யா’ 2017 ஜனவரியில் இத்தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. டீசல் புகையோ பேரிரைச்சலோ இல்லாமல், நாமஜபம் செய்தபடியே அக்கரை சேரலாம். முதியோர் அவசரப்படாமல், படகைக் கயிற்றால் கட்டி நிறுத்திய பிறகே ஏறுவதும் இறங்குவதும் நல்லது.

படகுத்துறையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் வைக்கம் மகாதேவர் ஆலயம். காலையில் தட்சிணாமூர்த்தியாகவும், உச்சியில் கிராதமூர்த்தியாகவும், மாலையில் அம்பிகையுடன் கூடியவராகவும் இறைவன் வழிபடப்படுகிறார். கரன் என்ற அசுரன் ஈசனிடம் பெற்ற மூன்று லிங்கங்களை இரு கைகளிலும் வாயிலுமாக ஏந்தி வந்தான் என்பது தலபுராணம். அவை அமைந்த தலங்களே வைக்கம், ஏற்றுமானூர், கடுத்துருத்தி. தில்லையில் நாம் வணங்கும் வியாக்ரபாதரே இங்கும் வழிபட்டார் என்பர். மூன்றையும் ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம். வைக்கத்திலிருந்து ஏற்றுமானூர் செல்லும் வழியிலேயே கடுத்துருத்தி இருப்பதால், பேருந்திலேயே இது கைகூடும்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. கேரளத்து ஆலயங்கள் நண்பகலில் நடை சாத்தினால், மாலை 5 மணியளவில்தான் மீண்டும் திறக்கும். ஒரு படகைத் தவறவிட்டால் ஒரு தரிசனம் மாலைக்குத் தள்ளிப் போகலாம். ஆண்கள் வேட்டி அணிந்து, மேலாடையின்றியே சந்நிதி செல்ல வேண்டும்.

வைக்கத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நூறாண்டுகளுக்கு முன் இவ்வாலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கவே மக்களில் ஒரு சாராருக்கு உரிமையில்லை. அதற்காக 1924-25ல் சத்தியாகிரகம் நடந்தது. தமிழகத்திலிருந்து பெரியாரும் வந்து கலந்துகொண்டு சிறை சென்றார். அதன் பின், 1936ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனத்தால் ஆலயக் கதவுகளும் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தன.

இன்று அதே வீதிகளில் எல்லோரும் நடக்கிறார்கள். படகிலும் பேருந்திலும் எல்லோரும் ஒரே பலகையில் தோளோடு தோள் சேர அமர்ந்து வருகிறார்கள். வைக்கத்தப்பனின் சந்நிதியை அடையுமுன்னரே கிடைக்கும் தரிசனம் அது.