அரிசோனாவோடு "டூ" விட்ட நகரங்கள்

2010-ல் அமெரிக்காவில் ஒரு ஐஸ் டீ சம்பந்தமே இல்லாமல் மாட்டிக்கொண்டு முழித்தது. பெயர் அரிசோனா ஐஸ்டு டீ. டின் 99 சென்ட். "அரிசோனா மாநிலம் அநியாயமா சட்டம் போட்டிருக்கு, இனிமே இந்த டீயை யாரும் குடிக்காதீங்க" என்று இணையத்தில் சிலர் கிளம்பிவிட்டார்கள். காமெடி என்னவென்றால், அது நியூயார்க் கம்பெனி. பெயரில் மட்டும்தான் பாலைவனம் :)

சட்டத்தின் பெயர் எஸ்.பி. 1070. கவர்னர் ஜான் ப்ரூயர் 2010 ஏப்ரல் 23-ம் தேதி கையெழுத்துப் போட்டார். போலீஸ் வேறு ஏதோ காரணத்துக்காக ஒருவரை நிறுத்துகிறது. அவர் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் இருக்கிறாரோ என்று "நியாயமான சந்தேகம்" வந்தால் அவருடைய குடியேற்ற நிலையைச் சோதித்தாக வேண்டும். சந்தேகம் எதைப் பார்த்து வரும்? தோலைப் பார்த்தா, பேச்சைப் பார்த்தா? இதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி. இனத்தைப் பார்க்கக்கூடாது என்று ஒரே வாரத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு எல்லையைக் கவனிக்கவில்லை என்ற கோபம் அங்கே நிஜமாகவே இருந்தது. கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள்.

வேறு மாநிலத்துச் சட்டத்தை ஒரு நகரசபை என்ன செய்ய முடியும்? ஓட்டுப் போட முடியாது. ஆனால் பர்ஸ் இருக்கிறதே! சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, சியாட்டில், ஆஸ்டின், பாஸ்டன் என்று வரிசையாகத் தீர்மானம் போட்டன. பெரிய மீன் லாஸ் ஏஞ்சலீஸ். மே 12-ம் தேதி 13-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஊழியர்கள் அரிசோனாவுக்கு அரசுமுறைப் பயணம் போகக்கூடாது, அரிசோனா கம்பெனிகளோடு புது ஒப்பந்தம் கூடாது.

காமர்ஸ் படிப்பவர்கள் அந்தத் தீர்மானத்தின் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். கூடுதல் செலவு பெரிதாக வராத இடத்தில், சட்டச் சிக்கல் இல்லாத இடத்தில் மட்டும் என்று அதில் இருந்தது. அதாவது கோபம் உண்டு, நஷ்டஈடு கட்டும் அளவுக்கு இல்லை. நகரத்துக்கு அரிசோனா கம்பெனிகளோடு 5 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தங்கள் இருந்தன. அதில் உடனே கைவிடக்கூடியது சிறு பங்குதான். அடுத்த மாதமே சோதனை வந்தது. சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைப் படம் பிடிக்கும் கேமராக்களை நடத்தியது ஒரு அரிசோனா கம்பெனி. புறக்கணித்தால் கேமரா நிற்கும். நகரசபை யோசித்து, அதற்கு மட்டும் விலக்கு கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டித்தது!

இதைவிடப் பெரிய அடி ஒரு கடிதமாக வந்தது. அரிசோனாவில் மின்சாரம் முதலியவற்றைக் கண்காணிக்கும் கமிஷனில் கேரி பியர்ஸ் என்று ஓர் உறுப்பினர். லாஸ் ஏஞ்சலீஸ் மேயர் அந்தோனியோ வியராய்கோசாவுக்கு அவர் எழுதியதன் சாரம் இதுதான்: உங்கள் ஊர் கரண்டில் ஏறக்குறைய கால்பங்கு எங்கள் மாநிலத்திலிருந்து வருகிறது. எங்களோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அந்த ஒப்பந்தங்களையும் மாற்ற உதவுகிறேன்.

படித்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் இதிலும் பாதி சவடால். அரிசோனாவில் இருந்த நவாஹோ அனல்மின் நிலையத்தில் 21 சதவீதமும், பாலோ வெர்டே அணுமின் நிலையத்தில் 5.7 சதவீதமும் லாஸ் ஏஞ்சலீஸ் மின்வாரியத்துக்கே சொந்தம். பங்குதாரருக்குச் சேர வேண்டிய கரண்டை ஒரு கமிஷனர் நினைத்தால் நிறுத்த முடியுமா? முடியாது. இரண்டு பக்கமும் "விடுங்கடா பாத்துக்கிறேன்" என்று கத்திக்கொண்டே யாராவது வந்து பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று பார்ப்பது மாதிரி இருந்தது. மேயர் மிரட்டலுக்குப் பணிய மாட்டேன் என்றார், அதோடு முடிந்தது.

சான் டியாகோ கதை தனி ரகம். கோடையில் அரிசோனா வெயிலுக்குத் தப்பி அந்தக் கடற்கரைக்கு வரும் கூட்டத்துக்கு அங்கே "ஸோனீஸ்" என்று செல்லப் பெயரே உண்டு. நகரசபை எஸ்.பி. 1070-ஐக் கண்டித்துத் தீர்மானம் போட, அரிசோனாக்காரர்கள் ரூம் புக்கிங்கை ரத்து செய்யப்போவதாகச் சொல்ல, சுற்றுலா அமைப்பு "தீர்மானத்தை மனசுல வெச்சுக்காதீங்க, வாங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

சிரித்தது போதும். அடி யார் மேல் விழுந்தது? பொருளாதாரத்தில் வரி பற்றிப் படிக்கும்போது, கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்று வருமே, அதேதான் இங்கேயும். மாநாடுகள் ரத்தானால் முதலில் காலியாவது ஓட்டல் அறைகள். அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்குபவர்களில் நிறையப் பேர் யார்? எந்த லத்தீன் மக்களுக்காகப் புறக்கணிப்பு நடந்ததோ அவர்களேதான். ஃபீனிக்ஸ் மேயர் ஃபில் கார்டன் சட்டத்தையும் எதிர்த்தார், புறக்கணிப்பையும் எதிர்த்தார். ட்யூசன், ஃபிளாக்ஸ்டாஃப் நகரசபைகள் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடவே முடிவு செய்தன. புறக்கணிப்பு அந்த ஊர்களையும் சேர்த்தே அடித்தது. இடதுசாரிச் சாய்வுள்ள ஓர் ஆய்வு மையம், ரத்தான மாநாடுகளால் மட்டும் 14.1 கோடி டாலர் பார்வையாளர் செலவு போனதாக 2010 நவம்பரில் கணக்குச் சொன்னது.

அப்படியானால் எல்லாம் வீணா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அரிசோனா ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டது. மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையை 1990-ல் வாக்காளர்கள் நிராகரிக்க, 1993 சூப்பர் பௌல் ஆட்டம் கலிஃபோர்னியாவின் பாஸடேனாவுக்குப் போய்விட்டது. 1992-ல் அதே வாக்காளர்கள் விடுமுறைக்குச் சரி என்றார்கள். 1996-ல் ஆட்டம் அரிசோனாவின் டெம்பேக்கு வந்தது. அங்கே கேட்டது ஒரே ஒரு விஷயம், செய்தால் பரிசும் கண்ணுக்குத் தெரிந்தது. எஸ்.பி. 1070-ல் அப்படி இல்லை. சட்டம் வாபஸ் ஆகவில்லை. 2010 ஜூலையில் நீதிபதி சூசன் போல்டன் முக்கியப் பிரிவுகளை நிறுத்திவைத்தார். 2012-ல் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது, சந்தேகம் வந்தால் சோதிக்கும் பிரிவை மட்டும் விட்டுவைத்தது.

ஆனால் 2011 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். இன்னும் கடுமையான ஐந்து குடியேற்ற மசோதாக்கள் அரிசோனா செனட்டுக்கு வந்தன. 60 கம்பெனித் தலைவர்கள் சேர்ந்து செனட் தலைவர் ரஸ்ஸல் பியர்ஸுக்கு "வேண்டாம், வியாபாரம் கெடுகிறது" என்று கடிதம் எழுதினார்கள். ஐந்தும் தோற்றன. வெளியூர் நகரசபைகள் போட்ட சத்தம் அரிசோனா அரசாங்கத்தின் காதில் ஏறவே இல்லை, உள்ளூர் முதலாளிகளின் கல்லாப்பெட்டி வழியாகச் சுற்றி வந்துதான் ஏறியது. அதே வருஷம் நவம்பரில் பியர்ஸையே தொகுதி மக்கள் திரும்ப அழைத்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

அந்த மின்சாரக் கதை என்ன ஆயிற்று? நவாஹோ நிலையத்தில் இருந்த பங்கை லாஸ் ஏஞ்சலீஸ் 2016-ல் விற்றுவிட்டது, காரணம் நிலக்கரிப் புகை, எஸ்.பி. 1070 இல்லை. 2019-ல் அந்த நிலையத்தையே மூடிவிட்டார்கள். பாலோ வெர்டேவிலிருந்து மட்டும் லாஸ் ஏஞ்சலீஸுக்கு இன்றும் கரண்ட் வருகிறது.