அஞ்செட்டிப் பாதையில் தந்தையும் மகனும்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு ஓசூர் என்பது, ஊருக்குப் போகும் வழியில் கண்ணயர்ந்தபடியே கடந்துவிடும் ஒரு நிலையம். கார்மேலாரம், ஆனேக்கல் ரோடு ஆகிய நிலையங்களைத் தாண்டிய சிறிது நேரத்தில் எல்லை வந்துவிடுகிறது. வண்டி இராயக்கோட்டை, தருமபுரி வழியாகச் சேலத்தை நோக்கி ஓடிவிடுகிறது. ஓசூரில் இறங்கித் தெற்கே செல்லும் பேருந்தில் ஏறுவோர் நம்மில் மிகச் சிலரே. சென்ற சித்திரை மாதத்தில் என் மனைவி, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள் ஆகியோருடன் நான் அவ்வாறு இறங்கினேன். அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு புத்தகமும், அதைப் படித்துவிட்டு என் மகன் கேட்ட ஒரு கேள்வியுமாகும்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ஆம் ஆண்டு பிறந்து, பெங்களூரில் கல்வி கற்று, இந்நகரத்து விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து, 1974-ஆம் ஆண்டு இங்கேயே காலமானவர். நம்மைப் போலவே மாதச் சம்பளக்காரர். அவருடைய முதல் நூல் 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அவர் அலைந்த காடுகளில் பல, பெங்களூரிலிருந்து ஒரு நாளில் சென்று சேரக்கூடியவை. ஜவளகிரி, கும்ளாபுரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் என்று அவர் எழுதிய ஊர்கள் யாவும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1965-ல் அவை தருமபுரி மாவட்டத்திற்குள் வந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது பென்னாகரம் நீங்கலாக மற்றவை அதனுள் சென்றன.

ஆண்டர்சன் தம் மகன் டொனால்டைச் சிறு வயது முதலே காட்டுக்கு அழைத்துச் சென்றவர். அவர் கதைகள் பலவற்றில் மகனும் உடன் வருகிறான். இதைப் படித்த என் மகன் ஓர் இரவு சாப்பாட்டின்போது, "அப்பா, டொனால்டை அவங்கப்பா வேட்டைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரே, நம்ம வீட்டிலே யாருமே வேட்டைக்குப் போனதில்லையா?" என்று கேட்டான். நான் மறுமொழி கூறவில்லை. என் பெரியப்பாவின் ஊர் அஞ்செட்டிக்கு அருகில் இருப்பதை மட்டும் கூறி, கோடை விடுமுறையில் அங்கே செல்லலாம் என்றேன். நான் மறைத்த செய்தியைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஓசூர் குளிர்ச்சியான ஊர். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை வரையில் ராகி வயல்களும் தோட்டங்களும் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயில் உள்ளது. கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. வேட்டைக்கு அரசராக வந்த பெருமாள் இவர் என்பர் ஊரார். அங்கே வணங்கிவிட்டு அஞ்செட்டிப் பேருந்தில் ஏறினோம். பாதை மலைச்சரிவில் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் காற்றின் வெம்மை கூடுவதை முகத்தில் உணரலாம். பசுமை குறைந்து, உடையும் வேலும் சூரையும் கள்ளியும் தலைப்படுகின்றன. இலையுதிர்த்த மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. பாறைகளிலிருந்து கிளம்பும் அனல், தூரத்துக் குன்றுகளை நடுங்கச் செய்கிறது.

பாலை என்றவுடன் மணல் மேடுகளையும் ஒட்டகங்களையும் நினைப்பது நம் வழக்கம். ஆனால் குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து வறண்டுபோன நிலமே பாலை என்பது இளங்கோவடிகள் தந்த விளக்கம். அந்நிலத்து மக்கள் வேட்டையாடி வாழ்ந்த எயினர். சித்திரை வெயிலில் அஞ்செட்டிப் பள்ளத்தாக்கைக் காண்பவருக்கு இவ்விளக்கத்தின் பொருத்தம் நன்கு புலப்படும். மழைக்காலத்தில் இதே நிலம் பச்சையாகி முல்லையாக மாறிவிடுகிறது.

பெரியப்பா பேருந்து நிறுத்தத்திற்கே வந்திருந்தார். வயது எழுபதைக் கடந்துவிட்டது, நடை தளரவில்லை. என் தந்தையார் பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்தபோது, நிலத்தை விட்டு வர மனமின்றி ஊரிலேயே தங்கிவிட்டவர் அவர். எங்கள் கொள்ளுத் தாத்தா துரைமார்களின் வேட்டைக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர் என்று அவர் சொல்வதுண்டு. எந்தத் துரை என்பது அவருக்கும் தெரியாது. வேட்டைப் புத்தகங்களில் துரைமாரின் பெயர் இருக்கும். முன்னால் நடந்து தடம் காட்டியவரின் பெயர் பெரும்பாலும் இராது. இதில் ஆண்டர்சன் ஒரு விலக்கு. பூசாரி பைரா என்னும் காட்டுவாசியைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பென்னாகரத்து ரங்காவையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். காட்டைத் தமக்குக் கற்பித்தவர்கள் இத்தகையோரே என்பதை அவர் மறைத்ததில்லை.

வீட்டை அடைந்ததும் என் மகன் சுவர்களையும் கூரை மூங்கில்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு, "தாத்தா, உங்க வீட்டிலே துப்பாக்கி இருக்கா?" என்று கேட்டான்.

பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். "இருந்துச்சு சாமி. கொடுத்துட்டேன்" என்றார். "ஏன் கொடுத்தேன்னு உங்கப்பனைக் கேளு."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், ஊர் எல்லையிலுள்ள ஓடைக்குப் புறப்பட்டோம். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாதலால் எல்லையைத் தாண்டவில்லை. பெரியப்பாவுக்குப் பழக்கமான வனக் காவலர் ஒருவர் உடன் வந்தார். அஞ்செட்டி வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் தொட்டஹள்ளாவுக்கு இவ்வோடை நீர் கொண்டுசெல்கிறது. அப்போது அதில் நீர் ஒரு சொட்டும் இல்லை. வெண்மணல் மட்டுமே கிடந்தது. ஓரிடத்தில் அம்மணலில் முழ ஆழத்திற்குக் குழி தோண்டப்பட்டு, அடியில் சிறிது நீர் ஊறியிருந்தது. "மனுசங்க தோண்டினதா?" என்று என் மனைவி கேட்டாள். யானை தோண்டியது என்றார் காவலர். யானை குடித்துச் சென்றபின் அக்குழியில் மானும் பன்றியும் பறவைகளும் குடிக்குமாம். இந்நிலத்தில் கோடையைக் கடக்கப் பல உயிர்கள் யானையின் உழைப்பை நம்பியிருக்கின்றன.

குழியைச் சுற்றிச் சுவடுகள். பெரியப்பா தம் மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து என் மகனிடம் கொடுத்தார். முன்னங்கால் சுவடு வட்டமாகவும், பின்னங்கால் சுவடு சற்று நீண்டும் இருக்கும் என்று காட்டி, முன்னங்கால் சுவட்டைச் சுற்றி அளக்கச் சொன்னார். அச்சுற்றளவை இருமடங்காக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். கயிற்றை என் கை அளவுகோலில் வைத்துப் பார்த்தோம். 3 அடி 10 அங்குலம். ஆகவே உயரம் ஏறக்குறைய 7 அடி 8 அங்குலம். பெண் யானை என்றார் காவலர். என் மகள் அருகிலே ஒரு சிறு சுவட்டைக் கண்டுபிடித்தாள். அதன் சுற்றளவு 22 அங்குலம். உயரம் 4 அடிக்கும் குறைவு. "அம்மாவும் பாப்பாவும்" என்று அவள் கூவினாள். காற்றால் விளிம்பு சரியாத அந்தச் சுவடுகள் முந்திய இரவில் பதிந்தவை என்று பெரியப்பா கூறினார்.

பையன் கயிற்றும் கையுமாக மணலில் மண்டியிட்டிருந்தான். அப்போதுதான் நான் அவனருகில் அமர்ந்து, அதுவரை கூறாததைக் கூறினேன். வாசகர்களிடமும் அதை மறைப்பதில் பயனில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கோடை விடுமுறைக்கு இதே ஊருக்கு வந்திருந்தேன். வேட்டையைத் தடுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் பெரியப்பாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஓர் இரவு அவர் என்னையும் அழைத்துக்கொண்டு இவ்வோடைக்கு வந்தார். டார்ச் விளக்கைப் பிடித்தவன் நான். ஊற்றுக்குழியில் நீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு புள்ளிமானின் கண்கள் வெளிச்சத்தில் பச்சையாக மின்னின. என் கை நடுங்கியது, விளக்கு அசைந்தது, அதே கணத்தில் துப்பாக்கி வெடித்தது. மான் விழவில்லை. ஒரு முறை கத்திவிட்டு இருளில் ஓடிவிட்டது.

காயம்பட்ட விலங்கைப் பின்தொடராமல் விட்டுவருவது வேட்டைக்காரனுக்கு அடாது என்பது ஆண்டர்சன் போன்றோர் போற்றிய விதி. உயிருக்கு ஆபத்து நேரினும் அவ்விலங்கைத் தேடி முடித்துவைப்பதே கடமை என்று அவர்கள் கருதினார்கள். குறி தவறிய குண்டினால் முடமாகி, இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன புலியே பல சமயங்களில் மனிதரைக் கொல்லத் துணிகிறது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். பெரியப்பா அப்புத்தகங்களைப் படித்தவரல்லர். ஆனால் அவ்விதி அவருக்கும் தெரிந்திருந்தது. விடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு இரத்தத் துளிகளைப் பின்பற்றி நடந்தார். உச்சி வெயில் வரை நடந்தோம். பாறைப் பகுதி வந்ததும் தடம் அற்றுப்போயிற்று. மானைக் காணவே இல்லை. அன்று பெரியப்பா உணவருந்தவில்லை. அதன்பின் அத்துப்பாக்கி கூரையில் செருகியபடியே கிடந்தது. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைப்போர்மீது நடவடிக்கை இல்லை என்று அதிகாரிகள் மலைக்கிராமங்களில் அறிவித்தபோது, அதை எடுத்துச்சென்று கொடுத்துவிட்டார்.

நான் கூறி முடித்ததும் மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மான் செத்துப்போச்சா அப்பா?" என்றான். "தெரியாது" என்றேன். அதுவே உண்மை. இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்திவந்ததும் அந்தத் தெரியாமையே. என் மனைவிக்கும் இது புதிய செய்தி. அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இதைப் புள்ளைகிட்டே இங்கே வந்து சொன்னதுதான் சரி" என்றாள்.

உலகின் வேறு வறண்ட நாடுகளில் குடும்பத்தோடு வேட்டைக்குச் செல்வது இன்றும் சட்டப்படியே நடக்கிறது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் அனுமதியும் கட்டணமும் பெற்று, நீண்ட கொம்புடைய கெம்ஸ்பாக் மான் முதலியவற்றை வேட்டையாட விடுகிறார்கள். கென்யாவோ 1977-ல் வேட்டையை அடியோடு தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 1970-ல் புலி வேட்டை நிறுத்தப்பட்டது; 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. 2006-ல் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3,682 ஆயின. ஆண்டர்சன் அலைந்த இக்காடுகளில் பெரும்பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமும் அதனோடு சேர்ந்தது.

இதனால் ஊராருக்குத் துன்பமே இல்லை என்று கூற மாட்டேன். ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்குகின்றன. பெரியப்பா இன்றும் பரண்மீது இரவு முழுவதும் விழித்திருந்து தகரத்தைத் தட்டுகிறார். "துப்பாக்கி இருந்தா தேவலைன்னு தோணாதா?" என்று நான் கேட்டேன். "தோணும். அந்த மான் ஞாபகம் வரும். தகரத்தைத் தட்டுவேன்" என்றார்.

ஆண்டர்சன் பிற்காலத்தில் துப்பாக்கியைக் காட்டிலும் நிழற்படக் கருவியையே மிகுதியும் விரும்பினார் என்பர். அவர் மகன் டொனால்டு, வேட்டை ஓய்ந்த பின்னரும் நெடுங்காலம் வாழ்ந்து, 2014-ல் பெங்களூரில் மறைந்தார். தந்தை மகனுக்குக் கொடுத்தவற்றில் துப்பாக்கிக்குக் காலம் முடிந்துவிட்டது. தடம் பார்க்கும் கண்ணும், காற்றின் திசையறியும் பொறுமையும், தான் செய்த காயத்திற்குத் தானே பொறுப்பு என்னும் எண்ணமும் எக்காலத்திலும் கொடுக்கத் தக்கவை.

அன்பர்கள் யாரேனும் இப்பக்கம் செல்ல விரும்பினால், சித்திரை, வைகாசியில் செல்வதாயின் குடிநீரை மறவாது எடுத்துச் செல்லுங்கள். மாலை மயங்கியபின் ஓடைப் பக்கம் போக வேண்டாம். வனத்துறையாரின் சொல்லை மீற வேண்டாம். குழந்தைகளிடம் ஒரு கயிற்றையும் அளவுகோலையும் கொடுங்கள், அதுவே போதும். எங்கள் வீட்டுச் சுவரில் பெரியப்பா கொடுத்த சணல் கயிறு இப்போது ஆணியில் தொங்குகிறது. அதில் இரண்டு முடிச்சுகளை என் மகன் போட்டு வைத்திருக்கிறான். ஒன்று தாய்க்கு, மற்றொன்று கன்றுக்கு.