பற்றாசில் நிற்கும் எழுத்து

அருப்புக்கோட்டையில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்திவரும் நண்பர், தம் யந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கை நான் அவசியம் சந்திக்க வேண்டுமென்று நெடுநாளாகச் சொல்லிவந்தார். வானம் பார்த்த இந்தப் பிரதேசத்தில், தறியோசை குறைந்துபோன தெருக்களிலிருந்தும் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்தும் அரசாங்க உத்தியோகத்தையே நம்பிப் பிள்ளைகள் தட்டச்சுப் பழக வருவதால், கோத்ரெஜ் நிறுவனத்தார் 2009இல் தட்டச்சு யந்திர உற்பத்தியை நிறுத்திய பின்னரும் மெக்கானிக்குக்கு வேலை ஓயவில்லை.

நாங்கள் சென்றபோது ஆங்கில யந்திரம் ஒன்றைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். விசையை அழுத்தினால் எழும்பும் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் இரண்டு எழுத்துகள் கொண்ட ஓர் அச்சு, ஈயப் பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைச் சூடுகாட்டிக் கழற்றி, நுனியைத் தேய்த்துத் துலக்கி, தமிழ் அச்சை அமர்த்தி, ஈயம் இறுகுவதற்குள் அதை நேர்நிறுத்துகிறார். பிறகு காகிதத்தில் அடித்துப் பார்த்து, மீண்டும் உருக்கி, மீண்டும் அமர்த்துகிறார்.

“மயிரிழை ஏறி நின்னாலும் பரீட்சைத் தாள்ல தெரிஞ்சிரும் சார்” என்றார்.

யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்று, தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை உருவாக்கிய ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்கும் பொருட்டு ‘நகரா விசை’யை அமைத்தார். அதை அழுத்தினால் புள்ளியோ விசிறியோ பதியுமேயன்றி, காகிதத்தைத் தாங்கும் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். வண்டியை நகர்த்தும் பட்டையில் அந்தத் தண்டு படாதபடி அதன் அடியை அரத்தால் அராவிக் காட்டினார் மெக்கானிக். முத்தையாவின் யுக்தி அந்தக் கையில் உயிரோடிருப்பதைக் கண்டு எனக்கு உவகை உண்டாயிற்று.

நெசவாளியின் மகன் அவர். தந்தையின் தறி நின்றபின், சிறுவயதிலேயே மதுரையில் ஒரு டைப்ரைட்டர் கடைக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கும் பையனாகப் போய்ச் சேர்ந்தார். முதலாளி உறங்கிய பின், கழித்துப்போட்ட தண்டுகளில் பற்றவைத்துப் பற்றவைத்துக் கற்றுக்கொண்டார். விரல் நுனிகளில் இருந்த தழும்புகளைக் காட்டியபோது அவர் முகத்தில் வருத்தம் இல்லை; பெருமையே இருந்தது.

வருத்தம் எனக்குத்தான். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் யந்திரங்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்து, பழைய இரும்பு விலைக்கு வாங்கிய அதே பொருளிலிருந்து ஒரு தமிழ் அச்சுத் தொகுதியைக் கழற்றி, கேட்பவனின் அவசரத்துக்கேற்ப விலை சொல்லும் தரகர்கள், நெருப்பைத் தொடாமலே இவருடைய கூலிக்கு மேல் சம்பாதிக்கிறார்கள். உழைப்பின் பயனை உழைக்காதவன் கொண்டுபோவது கைத்தறிக்கு நேர்ந்த அதே அநியாயமன்றி வேறென்ன? கழிக்கப்படும் தமிழ் யந்திரங்களை மெக்கானிக்குகளுக்கு நேராக விற்கும்படி அரசாங்கம் ஓர் உத்தரவிட்டால் போதும், கஜானாவுக்கு நஷ்டமில்லை.

“அண்ணாச்சி, இதை அரசாங்கத்துக்கு எழுதிப் போடலாமே?” என்று நண்பர் மெக்கானிக்கிடம் கேட்டார்.

“பரீட்சை முடியட்டும் சார். சென்டருக்கு வண்டியில ஏத்திக் கொண்டுபோன மிஷின் எல்லாம் குலுங்கி எழுத்து விலகி வரும். அதைப் பார்த்துட்டு எழுதுவோம்.”