படிப்புரைக்கு ஒரு வயர்

தேரூரில் குளத்தை ஒட்டிய தெருவில் அக்கா வீடு. நான் உள்ளே நுழைந்தபோது அத்தான் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து கிடந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. "வாடே, நல்ல நேரத்துக்கு வந்தே. அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி" என்றார்.

போன வருடம் வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர், ஏழு சேனல். அதில் முழுசாகப் பார்த்த படங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இப்போது அத்தானுக்கு வேறு ஆசை: அந்த ஒரே பெட்டியிலிருந்து அடுக்களைக்கும் படிப்புரைக்கும் மச்சுக்கும் பாட்டு போக வேண்டும். பழைய நாஞ்சில்நாட்டு வீடு. தெருப்பக்கம் படிப்புரை, முற்றம் தாண்டி டிவி இருக்கும் மங்களா, அதற்கும் பின்னால் அடுக்களை, மேலே மச்சு. மங்களாவில் அலறவிட்டால்தான் அடுக்களையில் கேட்கும். அப்படி அலறினால் மங்களாவில் மனிதர் இருக்க முடியாது.

வேலைக்கு வந்திருந்தவர் ஹோம் தியேட்டர் கடைப் பையன் அல்ல, மைக்செட் அண்ணாச்சி. சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கு ரதவீதியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகிய கை. பெட்டியின் பின்பக்கத்தை ஓலைச்சுவடி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "ஸோன் 2-ன்னு எழுதியிருக்கு, பாத்துக்கிடுங்க. வழி இருக்கு" என்றார்.

வழி இதுதான். ஏழு சேனலில் கடைசி இரண்டு, ஆள் தலைக்குப் பின்னால் மாட்டும் ஸ்பீக்கர்களுக்கானவை. செட்டிங்கில் போய் அந்த இரண்டையும் ஸோன் 2-க்கு ஒதுக்கிவிட்டால், அவை வேறு அறைக்குப் போகும். அதற்குத் தனி வால்யூம், தனிப் பாட்டு. மங்களாவில் ஐந்து சேனல் மிஞ்சும். பின்சுவரில் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றியபோது அத்தான் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒன்று அடுக்களைக்கு, ஒன்று படிப்புரைக்கு.

அக்கா எஃப்.எம். வைக்கச் சொன்னாள். 101 மெகாஹெர்ட்ஸ், நாகர்கோவில் வானொலி. உள்ளூர் வானொலி நிலையம் என்று இந்தியாவில் முதன்முதலில் 1984-இல் தொடங்கியது நம்ம நாகர்கோவிலில்தான் என்பதில் இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு கர்வம் உண்டு. உள்ளித்தீயலுக்குத் தேங்காய் வறுபடும் சத்தத்துக்கு மேலே அறிவிப்பாளர் குரல் தெளிவாக வந்தது. ஸ்பீக்கரை அடுப்புக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம், எண்ணெய்ப் புகை படிந்து பிசுக்கேறிவிடும் என்று அண்ணாச்சி ஏற்கெனவே தள்ளி ஆணி அடித்திருந்தார்.

அடுத்தது டிவி. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். மங்களாவில் செய்தி ஓடுகிறது, அடுக்களையில் மூச்சில்லை. அத்தான் ரிமோட்டைத் தட்டினார், பெட்டியையும் தட்டினார். பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை. விலை குறைந்த, நடுத்தர ரிசீவர்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலி ஸோன் 2-க்குப் போகாது. ரேடியோ போகும், புளூடூத் போகும், பழைய சிவப்பு வெள்ளைப் பின் வழியாக வருவதும் போகும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. அண்ணாச்சி தன் பையிலிருந்து ஒரு சிவப்பு வெள்ளை வயரை எடுத்து செட்டாப் பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு இழுத்தார். அடுக்களை பேசியது.

ஆனால் நான் இரண்டு அறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்றபோது செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொன்னார். மங்களாவுக்குப் போகும் ஒலியைப் பெட்டி சரவுண்டாகச் சமைத்து, படத்தின் வாயசைப்புக்கும் பொருத்தி அனுப்புகிறது. அடுக்களைக்குப் போவது சமைக்காமல் பச்சையாகப் போகிறது. அதனால் அது முந்திக்கொள்கிறது. மங்களாவையும் அதே சிவப்பு வெள்ளை வழிக்கு மாற்றி, 'டைரக்ட்' என்ற பொத்தானை அழுத்தியதும் குரல் ஒன்றாகியது. "ரதவீதியில இது பெரிய தொந்தரவு. நூறு மீட்டர் தள்ளி ஒரு குழாய் இருந்தா, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நொடி பிந்தி வரும். அங்க பட்டனெல்லாம் கிடையாது தம்பி" என்றார் அண்ணாச்சி.

இன்னொரு வேடிக்கை. அடுக்களைக்கு இடது சேனல், படிப்புரைக்கு வலது சேனல் என்று பிரித்தாயிற்று. அத்தை படிப்புரையில் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்கும்வரை ஒரு குறையும் இல்லை. அந்தக் காலத்துப் பாட்டு மோனோ, இரண்டு பக்கமும் ஒன்றுதான். தமிழில் ஸ்டீரியோவில் முதலில் பதிவானவை 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் என்பார்கள். அதற்குப் பிந்திய பாட்டைப் போட்டால் கிடார் அடுக்களையிலும் வயலின் படிப்புரையிலுமாகக் குடும்பம் பிரிந்துவிடுகிறது. ஸோன் 2-ஐ மோனோவாக்க செட்டிங்கில் இடம் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருக்காது.

படிப்புரைக்கு வயர் போக 25 மீட்டர். அத்தான் வாங்கி வைத்திருந்தது 1 சதுர மில்லிமீட்டர் வயர். போய்த் திரும்பும் இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டர் ஏறக்குறைய ஒரு ஓம் காட்டியது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு வழியிலேயே ஒரு ஓம் வரி கட்டுவது அதிகம். 2.5 வயர் வாங்கி வந்து மாற்றியதும் 0.4-க்கு இறங்கியது.

மிச்சம் இருந்தது மச்சு. அத்தான் சுலபமாக ஒரு யோசனை சொன்னார்: "அடுக்களை ஸ்பீக்கரோட சேத்துக் கட்டிரலாமே?" அண்ணாச்சி பெட்டியின் முதுகில் எழுதியிருந்ததைக் காட்டினார். குறைந்தது 6 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகக் கட்டினால் நாலு ஓம். சத்தம் கூட்டினால் பெட்டி சூடேறித் தானே அணைந்துவிடும். "அணைஞ்சா பாக்கியம். அணையலேன்னா சவமாட்டு கெடக்கும்."

அவர் செய்தது வேறு. ரிசீவரில் ஸோன் 2-க்கு ஒரு பிரீ-அவுட் இருந்தது, பவர் இல்லாத வெறும் ஒலி. அதைத் தன் பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, அங்கிருந்து 100 வோல்ட் லைன் இழுத்தார். பத்து வாட்டை எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு நேரே அனுப்பினால் ஒரு ஆம்பியருக்கும் மேல் ஓடும். அதே பத்து வாட் 100 வோல்ட் லைனில் 0.1 ஆம்பியர்தான். மெல்லிய வயர் போதும், வழியில் இழப்பும் சொற்பம். ஒவ்வொரு ஸ்பீக்கர் முதுகிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஆம்ப்ளிஃபையரின் வாட் கணக்குக்குள் எத்தனை குழாயை வேண்டுமானாலும் வரிசையாகத் தொங்கவிடலாம். ரதவீதிக்கு எது வழியோ அதுவே மச்சுக்கும். இதைப் பார்த்தபின் படிப்புரையையும் அதே லைனுக்கு மாற்றச் சொன்னார் அத்தான். 2.5 வயர் வாங்கின காசு போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஐப்பசி இடிக்கு முன் பிளக்கையும் ஏரியல் வயரையும் பிடுங்கிவிட வேண்டும் என்று மட்டும் அண்ணாச்சி இரண்டு முறை சொன்னார். பிறகு வெள்ளைப் பிளாஸ்டரில் ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டினார்.

100 வோல்ட் லைனில் சுவரிலேயே வால்யூம் குமிழ் வைக்கலாம். படிப்புரையில் அத்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்று வைத்தார். அத்தை அதைத் திருகிப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது. கடைசிவரை இறக்கிவிட்டுக் கையை எடுத்தாள்.

"போரும் மக்களே. கொளத்துல தாரா கத்துதுல்லா."