அவர் நின்ற இடத்தில் தண்ணீர்

என் மேசைமேல் இரண்டு படங்கள். இரண்டும் ஒரே படம்தான்.

மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரை, 1937. சோவியத் தலைவர்கள் நான்கு பேர் நடந்து வருகிறார்கள். வொரோஷிலோவ், மொலட்டோவ், ஸ்டாலின். ஸ்டாலினுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓரமாக, தொப்பி வைத்த குள்ள மனிதர், ஐந்தடிகூட இல்லை. நிக்கோலாய் யெஷோவ், ரகசியப் போலீஸின் தலைவர். அவர் கொடி பறந்த 1937, 38 என்ற இரண்டே ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 6,80,000-க்கும் மேல்.

இரண்டாவது படத்தில் மூன்று பேர். 1940 பிப்ரவரியில் யெஷோவையும் சுட்டுவிட்டார்கள். படத்தில் அவர் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்.

அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம்மூர் ஸ்டுடியோவில் கல்யாணப் படத்தின் முகப்பருவை மறைப்பார்களே, அதே டச்சப் வேலை. யாரோ ஒருவர் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து ஒரு மனிதனின் தொப்பியை, காதை, தோளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீராக்கியிருக்கிறார். கை நடுங்கிய தடம் எங்கும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில், "இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

அந்தத் தண்ணீரும் சும்மா வந்ததல்ல. 128 கிலோமீட்டர் கால்வாய். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகக் கைதிகள் வெட்டியது. வெட்டும்போதே ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த இரண்டு படங்களிலும் இல்லை. அழிப்பதற்கு வேலையே வைக்கவில்லை.

அரசாங்கத் தூரிகை செய்ததையாவது புரிந்துகொள்ள முடிகிறது. என்னை உலுக்குவது வீட்டுக்குள் நடந்தது. அலெக்சாண்டர் ரோட்சென்கோ பெரிய வடிவமைப்பாளர். சோவியத் உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டு நிறைவுக்கு 1934-இல் அழகான படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். மூன்று ஆண்டுகளில் அதிலிருந்த தலைவர்கள் பலர் 'மக்கள் விரோதி' ஆனார்கள். அப்படிப்பட்டவரின் முகம் வீட்டில் இருப்பதே ஆபத்து. ரோட்சென்கோ தன் சொந்தப் பிரதியை எடுத்து, தான் பார்த்துப் பார்த்து அடுக்கிய முகங்கள்மேல் தானே கறுப்பு மை பூசினார். பல ஆண்டுகள் கழித்து டேவிட் கிங் என்ற ஆங்கிலேயர் அந்தப் பிரதியைக் கண்டெடுத்து உலகுக்குக் காட்டினார். கழுத்துக்குக் கீழே கோட்டும் பொத்தானும் பதக்கமும் அப்படியே இருக்கின்றன. மேலே, முகம் இருந்த இடத்தில், மைக்குளம்.

ஸ்டாலின் இறந்த பிறகும் பழக்கம் போகவில்லை. யெஷோவின் நாற்காலிக்கு வந்த பெரியாவை 1953 டிசம்பரில் சுட்டார்கள். மகா சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் அவரைப் பற்றிய கட்டுரையும் முழுப்பக்கப் படமும் ஏற்கெனவே வீடு வீடாய்ப் போய்ச் சேர்ந்திருந்தன. சந்தாதாரர்களுக்குத் தபால் வந்தது: குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் வரும் பக்கங்களை ஒட்டிக்கொள்ளவும். அப்படி வந்த புதுப் பக்கங்களில் பேரிங் கடல் இருந்தது.

மறுபடியும் தண்ணீர்.

ஏதோ ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை என் கண்ணில் வருகிறது. தட்டுகளை ஒதுக்கிவிட்டு அப்பா தொகுதியை விரிக்கிறார். அம்மா பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கிறாள். பிள்ளை எட்டிப் பார்க்கிறது. ஒருவரும் பேசவில்லை. பக்கம் கிழியாமல், கோணாமல், பிளேடு மேலிருந்து கீழே இறங்குகிறது.