ஊசியும் வேண்டா, உபவாசமும் வேண்டா

திருவள்ளூர் என்றதும் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயிலை நினையாதார் இலர். பெயருக்கேற்ப, பிணி தீர்க்கும் மருத்துவராகவே மக்கள் அப்பெருமாளை வழிபடுகின்றனர். அமாவாசை நாள்களில், சிறப்பாகத் தை அமாவாசையன்று, அவ்வூரில் கூடுவோர் பல்லாயிரவர். நோயுற்றோர் கூடும் இடத்தில் மருந்து விற்போரும் கூடுதல் உலக வழக்கம். தெருவோரத்தில் துணி விரித்துச் சூரணமும் தைலமும் லேகியமும் அடுக்கி வைத்து, ‘ஒரே மருந்து, ஒன்பது நோய்’ என்று கூவி விற்போரைக் காணாதவர் நம்முள் யார்? முப்பது ஆண்டுகளுக்கு முன், தமிழ் இலக்கிய மாணவராக இருந்த காலத்தில், அத்தகைய வணிகர் ஒருவருக்கு யாம் ஒரு பணி செய்து கொடுத்தோம். இன்று தமிழ் பயிலும் இளையோர்க்குப் பயன்படக்கூடும் என்று கருதி அதனை இம்மலரில் பதிவு செய்கின்றோம்.

எம் ஊர் பழவேற்காடு. படிப்பின் பொருட்டுக் கும்மிடிப்பூண்டியில் இருந்த மாமா வீட்டில் தங்கியிருந்தோம். மாமா சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புருக்கு ஆலை ஒன்றில் பணியாற்றினார். நாளும் மின்தொடர் வண்டியில் கல்லூரிக்குச் சென்று மீளுவோம். மாலையில் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவோம். அதில் கிடைத்த பணம் பயணச் சீட்டுக்கும் தேநீருக்கும் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் மாலை அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். அமாவாசைக் கூட்டத்தில் வழங்கத் துண்டறிக்கை வேண்டும் என்றார். நீரிழிவுக்கு ஒரு சூரணம். ஒரு மண்டலம் உண்டால் நோய் நீங்கும் என்பது அவர் சொன்ன செய்தி. அச்சக உரிமையாளர் எம்மைச் சுட்டிக் காட்டி, “தம்பி தமிழ் படிக்கிறார், நன்றாக எழுதுவார்” என்றார். அச்சொல் எமக்குப் பெரும் போதையாயிற்று. எதுகையும் மோனையும் கைவந்த பருவம் அது. அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தோம். தலைப்பு வரி இது: ‘ஊசியும் வேண்டா, உபவாசமும் வேண்டா, ஒரு மண்டலத்தில் உடல் உம் வசம்.’ வணிகர் மகிழ்ந்து ஐம்பது ரூபாய் அளித்தார். ஊசி பற்றி எழுதுமாறு அவர் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உபவாசத்துக்கு மோனை தேடியபோது வந்து வாய்த்த சொல் அது.

சில வாரங்கள் சென்றன. மாமா ஒரு தாளைக் கொண்டுவந்து, “இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு” என்றார். மாமா சில ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். நாள்தோறும் ஊசி குத்திக்கொள்வது அவருக்குப் பெருந்துன்பம். அந்தத் தாள் எம் துண்டறிக்கை. எம் சொற்கள் அச்சில் ஏறி, ஊர் சுற்றி, எம் வீட்டுக்கே வந்துவிட்டன என்ற பெருமிதம் எம்மை ஆட்கொண்டது. ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினோம். மாமி அடுக்களையிலிருந்து வந்து கேட்டார். எழுதியவர் யார் என்று யாம் சொல்லவில்லை. அம்மருந்தைப் பற்றி எமக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லவில்லை.

மாமா மூன்று புட்டிகள் வாங்கினார்; ஊசியை நிறுத்தினார். நீரிழிவு முற்றினால் கால் நரம்புகள் உணர்விழக்கும். ஆலையில் இரும்புச் சீவல் ஒன்று செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியதை அவர் உணரவேயில்லை. புண் பழுத்து நாற்றம் எழுந்த பின்னரே மாமி கண்டார். சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். உயிர் பிழைத்தது, வலக்காலில் இரு விரல்கள் போயின.

அக்காலத்தில் எங்கள் ஊரில் யூனானி மருத்துவர் ஒருவர் இருந்தார். மாமாவைக் காண வந்த அவர், எஞ்சியிருந்த புட்டியைத் திறந்து முகர்ந்தார். “வெந்தயமும் நாவற்கொட்டையும்தான். சோற்றோடு தின்றாலும் கெடுதி இல்லை. ஊசியை நிறுத்தச் சொன்னானே, அதுதான் நஞ்சு” என்றார். சூரணத்தில் இல்லாத நஞ்சு துண்டறிக்கையில் இருந்தது. அதனைக் கலந்தவர் யாம்.

பின்னாளில் ஆசிரியப் பணிக்கு வந்த பிறகு, இத்தகைய மருந்துகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தோம். விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்து இவற்றின் பெருஞ்சந்தையாக விளங்கிற்று. ‘பேட்டண்ட் மருந்து’ என்று அவற்றுக்குப் பெயர். ஆயினும் பெரும்பாலானவை காப்புரிமை பெற்றவை அல்ல. காப்புரிமை பெற வேண்டுமானால் உட்பொருளை வெளியிட வேண்டும். வெளியிட்டால் வணிகம் கெடும். 1783இல் அந்நாட்டு அரசு மருந்துப் புட்டிகளுக்கு முத்திரை வரி விதித்தது. வரி வாங்கியதற்கு அடையாளமாக ஒட்டிய முத்திரையை, அரசே தந்த நற்சான்று என்று மக்கள் நம்பினர். விற்போர் அந்நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

தாமஸ் ஹாலோவே என்பார் 1837இல் ஒரு களிம்பை விற்கத் தொடங்கினார். பின்னர் மாத்திரையும் விற்றார். அவருடைய முதல் விளம்பரமே. உலகின் பல மொழிகளில் அவர் விளம்பரங்கள் வந்தன. 1883இல் அவர் மறைந்தபோது பெருஞ்செல்வராக இருந்தார். அச்செல்வத்தால் எழுந்த மகளிர் கல்லூரியை 1886இல் அரசியாரே திறந்து வைத்தார். மாயக் களிம்பின் பணம் மங்கையர் கல்விக்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போது, நன்மை தீமைகளை எளிதில் பிரித்துவிட இயலாது என்று தோன்றுகிறது. பீச்சம் மாத்திரையோ ‘பெட்டி ஒரு கினி பெறும்’ என்ற ஒற்றை வரியால் உலகை வென்றது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இத்தகைய மருந்துகளைப் பகுப்பாய்ந்து 1909இல் ஒரு நூல் வெளியிட்டது. அம்மாத்திரையில் இருந்தவை கரியபோளமும் இஞ்சியும் சவர்க்காரமும். அமெரிக்காவில் ‘திருமதி வின்ஸ்லோவின் அமைதிப் பாகு’ என்று ஒன்று, பல் முளைக்கும் குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டது. அதிலிருந்தது அபினிச் சத்தாகிய மார்பின். தாய்மார் பலர் அறியாமல் தம் கையாலேயே நஞ்சூட்டினர். புட்டியின் மேலே தாயும் சேயும் கூடிய படமும் இனிய பெயருமே இருந்தன.

நம் நாட்டில் எல்லா மருந்து வணிகரும் இத்தகையோர் என்று கூறுவது அறமன்று. காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் தலைவலிக்கும் உடல்வலிக்கும் ஒரு தைலமாக இன்றும் நிற்கிறது. அதில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் ‘ஆந்திர பத்திரிகா’ என்னும் இதழை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை அரசு 1921இல் முகமது உஸ்மான் அவர்கள் தலைமையில் குழு அமைத்தது. 1923இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அம்முறைகளுக்கு நூலும் ஆசிரியரும் நாடி பார்க்கும் ஒழுங்கும் உண்டு. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நோயாளியின் முகத்தையே பாராமல் நோயை நீக்குவதாகக் கூறும் துண்டறிக்கை எந்த முறையைச் சேர்ந்தது?

தேடலின் முடிவில் சட்டத்துக்கு வந்தோம். 1954இல் இந்திய நாடாளுமன்றம் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத 54 நோய்களும் நிலைகளும் அதன் பட்டியலில் உள்ளன. நீரிழிவும் அவற்றுள் ஒன்று. விளம்பரம் வெளியிடுவதில் எவரும் எவ்வகைப் பங்கும் கொள்ளலாகாது என்கிறது சட்டம். விற்றவர் மட்டுமல்லர், எழுதியவரும் அச்சடித்தவரும் அதனுள் அடங்குவர். முதற்குற்றத்துக்கு ஆறு திங்கள் வரை சிறை உண்டு. ஐம்பது ரூபாய்க்கு யாம் விற்றது எது என்று அன்றுதான் விளங்கிற்று.

டொராண்டோ நகரில் 1922 சனவரியில் முதன்முதலாகச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தினர். அதற்கு முன் அவ்வகை நீரிழிவு வந்த குழந்தைகள் இறப்பதே வழக்கம். அச்செய்தியைப் படித்த இரவில் மாமா வீட்டுக்குச் சென்றோம். அப்போது அவர் ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். துண்டறிக்கையை எழுதியவர் யாம் என்று கூறினோம். மாமி எழுந்து உள்ளே சென்றார். மாமா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதானே வாங்கினேன்” என்றார். அவர் எம்மை நோகச் செய்யும் நோக்கத்தோடு சொல்லவில்லை. எம் தமிழைப் பாராட்டியோர் சிலர் உண்டு. அப்பாராட்டை மட்டும் எம்மால் மறக்க இயலவில்லை.

இன்று துண்டறிக்கை குறைந்து, கைப்பேசியில் செய்திகள் பெருகிவிட்டன. ‘மருத்துவர்கள் மறைக்கும் உண்மை’ என்று தொடங்கும் செய்தி நாள்தோறும் நமக்கு வருகிறது. அதனையும் எங்கோ தமிழ் நன்கறிந்த ஒருவர் அமர்ந்து எழுதுகிறார். எம் மாணவர் ஒருவராகவும் அவர் இருக்கலாம். எழுதும் வாய்ப்பு வரும்போது கூலி எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. அதற்கு முன், புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். விடை கிடைக்கவில்லையானால் மோனை எவ்வளவு அழகாக வந்து விழுந்தாலும் எழுதுகோலை மூடி வைத்துவிட வேண்டும்.